இழுப்புக்காரர் வீட்டுக்கு வந்த காய்ச்சல்

என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மார்கழிப் பனி இறங்கிவிட்டால் ஜவ்வாது மலையில் மற்றவர்களுக்குக் குளிரும். அவருக்கு மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஓட்டைத் துருத்தி மாதிரி நெஞ்சு இரைய, "ஒண்ணுமில்லடி, நீ வேலயப் பாரு" என்பார். எங்கே வேலையைப் பார்ப்பது? எங்கள் மகளுக்கு அவர் கொடுத்த ஒரே சொத்தும் அந்த இழுப்புதான். எதிரிக்கும் வேண்டாம் அந்தப் பங்கு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி. சளிக்காய்ச்சல் ஊர் ஊராக ஏறி வந்தது. திடமான ஆட்கள் நாலைந்து நாள் கம்பளிக்குள் முனகிக் கிடந்துவிட்டு, கஞ்சி குடித்து எழுந்து சாமை அடிக்கப் போய்விட்டார்கள். வயசாளிகளும் சீக்காளிகளும்தான் எழவில்லை. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்காவும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். சாவுச் சேதி சொல்ல வந்த ஆளே எங்கள் வாசலில் நின்று இருமினான்.

செத்த பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன் கோடித் துணி போட்டால்தான் பிணத்தை எடுப்பார்கள். இவர் உடனே துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இன்னா, நீயும் அவ கூடவே போறதுக்கா? அந்த வூடு முழுக்கக் காய்ச்சலு. துணிய யாருகிட்டயாவது குடுத்தனுப்பு."

"எனுக்குச் சோறு ஊட்டினவடி அவ. நான் உசுரோட இருக்கறப்ப வேற எவனோ கோடி போடறதா? ஊரு காறித் துப்பாது?"

"துப்பட்டும்! துப்புனா தொடச்சிக்கலாம். மூச்சு நின்னா இன்னா பண்றது?"

போனார். நாள் முழுக்க அந்த இருமல் கூட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

அந்த வாரமே விழுந்தார். காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கியதும், அத்தனை வருஷம் கேட்டுப் பழகிய இழுப்பே வேறு சத்தமாகிவிட்டது. கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி, ஜீப் நிற்கும் இடம்வரை தூக்கிப்போனோம். போளூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. ஊசி, ஆக்சிஜன் என்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மதியத்துக்கு மேல் அந்தச் சத்தமும் இல்லை.

டாக்டரம்மா வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனுஷி. மனசு கேட்காமல்தான் சொல்லியிருப்பார்.

"வெளிநாட்டுல இந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கும்மா. குளிர்காலம் வர்றதுக்கு முன்னாடி வருஷா வருஷம் போட்டுக்குவாங்க. வயசானவங்க, இருதயக் கோளாறு இருக்கறவங்க, இவர மாதிரி இழுப்பு இருக்கறவங்க, இவங்களுக்குத்தான் முதல்ல."

"எங்க கீதுங்க அது? எங்க பொண்ணுக்கும் இழுப்புங்க. நடந்தே போயி வாங்கியாறேன்."

"இங்க கெடைக்காதும்மா. நானே புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன்."

ஏட்டுச் சுரைக்காய்! அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாமல் இருந்திருந்தால், தலையெழுத்து என்று அழுதுவிட்டுப் போயிருப்பேன். அந்த ஆறுதலும் போயிற்று.

ஊருக்குக் கொண்டுவந்து அவரை வாசலில் கிடத்தினோம். துக்கம் கேட்க ஊரே திரண்டது. எல்லாரும் நல்லவர்கள், எங்கள்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுகையோடு அழுகையாக இருமினார்கள். இருமிக்கொண்டே என் மகளையும் கட்டிக்கொள்ளக் கை நீட்டினார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. அவளைப் பிடித்து இழுத்து வீட்டுக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, குறுக்கே நின்றேன்.

"யாரும் கிட்ட வராதீங்க! எம் பொண்ணு உள்ள கீறா. அழுவறவங்க அங்கயே நின்னு அழுங்க!"

"புருசன் செத்ததுல இவளுக்குப் புத்தி பெரண்டுடிச்சி" என்றார் ஒருவர். துக்கத்துக்கு வந்தவர்களைத் துரத்தியவள் விளங்க மாட்டாள் என்று ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றினாள். தூற்றட்டும். நான் கதவை விட்டு நகரவில்லை. கூட்டம் முணுமுணுத்தபடி தள்ளிப் போய், வாசலில் சத்தம் அடங்கியது. அடங்கிய பிறகுதான், சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து என் மகள் இருமுவது கேட்டது.