பத்துவிரலார் தனக்கு எழுதிக்கொள்ளாத பக்கம்

இசைக்குழுவில் எல்லோரும் அவரைப் பத்துவிரலார் என்றுதான் அழைப்பார்கள். பியானோ முன் உட்கார்ந்துவிட்டால் ஒரு விரலையும் சும்மா விடமாட்டார். மற்றவர்கள் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினால் போதும், அந்த இடுக்கில் ஒரு கூடை சுரத்தைக் கொட்டிவிடுவார்.

"கொஞ்சம் இடம் விடுங்க சார், நாங்களும் இருக்கோம்" என்று சாக்ஸபோன்காரர் கெஞ்சிப் பார்த்தார். மனிதர் கேட்டால்தானே!

வேலையில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஒரு பெரிய ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்தில் இளமை முழுக்க ஜாஸ் வாசித்தார். யார் எங்கே நுழைவது, யார் எப்போது ஒதுங்குவது என்று ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக எழுதித் தருவார். தன் தாளில் மட்டும் வெறும் கோடுகள்தான் இருக்கும். ஜாஸில் அது தப்பில்லை. பியானோக்காரர் அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசித்துக்கொள்ளலாம். இவருக்குத் தோன்றாத நேரமே கிடையாது.

பாவம், அவர் சொந்தமாக அமைத்த மெட்டுகள் மட்டும் வீட்டு அலமாரியில் தூங்கின. சாப்பிட வருகிறவர்களுக்குத் தெரிந்த பாட்டு போதும் என்று மேலாளர் அவற்றைத் தொடவே விடவில்லை. கடைசியில் நச்சரிப்பு தாங்காமல் இறங்கி வந்தார்.

"சரி, இன்னைக்குச் சாயங்காலம் உங்க மெட்டு ஒண்ணு வாசிங்க. ஜனங்க கரண்டியைக் கீழ வெச்சிட்டுக் கேட்டா தொடரலாம். இல்லேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

பத்துவிரலாருக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் பியானோ மூடியைப் படாரென்று சாத்தினார். இடது கையை எடுக்க மறந்துவிட்டார்.

மருத்துவரிடம் ஓடும் வழியிலேயே மனைவியைத் தொலைபேசியில் பிடித்தார். "உன் தங்கச்சியை வந்து வாசிக்கச் சொல்லு! தாள் எல்லாம் பியானோ மேலயே இருக்கு!"

மைத்துனி பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை. எழுதியிருப்பதை ஒரு புள்ளி பிசகாமல் வாசிப்பவள். தாளில் ஈ உட்கார்ந்தால் அதையும் சேர்த்து வாசித்துவிடுவாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

கட்டுப்போட்ட கையோடு அவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மெட்டு தொடங்கிவிட்டது. பியானோ சத்தத்தைத்தான் காணோம். மைத்துனி கைகளை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தை மட்டும் சரியான நேரத்தில் புரட்டினாள்.

அவர் வாசலில் நின்று நல்ல கையின் விரல்களைப் படபடவென்று ஆட்டிக் காட்டினார். அத்தான் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து அவள் தலையசைத்தாள். தொலைந்தது ஜென்மம் என்று ஒரு நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

விழுந்தவர் வேறு வழியில்லாமல் கேட்டார். சாக்ஸபோன் மெதுவாக வந்தது, நின்றது, யாரும் குறுக்கே பாயாததால் மறுபடியும் வந்தது. இவ்வளவு அழகாகவா எழுதியிருக்கிறோம் என்று அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். பக்கத்து மேசைப் பெரியவர் வாயருகே கொண்டுபோன ரொட்டியை அப்படியே பிடித்திருந்தார். மண்டபத்தில் ஒரு கரண்டிகூடச் சத்தம் போடவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் மேலாளர் ஓடிவந்தார். "பிரமாதம் சார்! உங்க மெட்டு இனிமே தினமும் உண்டு. ஆனா பியானோல அந்த அம்மாதான் உட்காரணும்."

மகிழ்வதா அழுவதா என்று தெரியாமல் பத்துவிரலார் விழித்தார். மைத்துனிக்கோ வேறு கவலை.

"ஒண்ணுமே எழுதலையே அத்தான்! இன்னைக்கு எப்படியோ தைரியமா சும்மா உட்கார்ந்துட்டேன். தினமும் முடியாது. எங்கெங்க சும்மா இருக்கணும்னு ஒழுங்கா எழுதிக் குடுங்க."

நியாயம்தானே! ஆயுளில் முதல்முறையாக அவர் பியானோவுக்கு எழுத உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் மௌனக் குறியைப் போட்டுக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் மட்டும் மனசு கேட்கவில்லை. திருடன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரே ஒரு சுரத்தை வைத்தார்.

மறுநாள் மனைவியும் கேட்க வந்தாள். அந்த இடம் வந்ததும் மைத்துனி ஒரு விரலை நீட்டி மெல்லத் தொட்டுவிட்டு, கையை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

மனைவி அவர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். "இப்ப கேட்டுச்சே, அது நீங்கதானே?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.