மெத்தையில் சுற்றிய ஆம்ப்ளிஃபயர்

குளியலறை ஓரத்தில் நேற்று கொத்தனார் சிலிக்கான் பசையைப் பிதுக்கினார். புளித்த காடி நெடி. அது மூக்கில் ஏறியதும், கண்ணமங்கலத்து வீட்டு மாடியில் அதே பசைக் குழாயை மனைவி நீட்ட, நான் வேண்டாமென்று தள்ளிய சாயங்காலம் நினைவுக்கு வந்துவிட்டது.

மச்சான், அவளுடைய தம்பி, ஜவ்வாது மலையில் மைக்செட் வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தான். முதல் வேலை ஊர்த் திருவிழா. மலைக்குக் கீழேயிருந்து செட்டு வரவேண்டாம், தானே பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தான். அன்றைக்குச் சத்தம் வராவிட்டால் இனி அவனை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஆம்ப்ளிஃபயர் நான் செய்து தருகிறேன் என்றேன். எழுதிய வரிகளை அடித்துத் திருத்தியே காலம் தள்ளுகிறவனுக்கு இப்படியும் ஒரு பொழுதுபோக்கு.

டிரான்ஸ்பார்மர் அம்மிக்குழவி கனம். பக்கத்தில் டம்ளர் பருமனில் இரண்டு கெப்பாசிட்டர்கள், சர்க்யூட் போர்டின்மேல் கம்பிக் கால்களில் நின்றன. அடியில் பசை வைத்துப் போர்டோடு அவற்றை ஒட்டவேண்டும். எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். நான் செய்யவில்லை. கண்ணாடி மூடி போட்டு, உள்ளே நீல விளக்கு வைத்திருந்தேன். அந்த நிலா வெளிச்சத்தில் வெள்ளைப் பசை எச்சில் மாதிரித் தெரியுமே!

"ஏங்க, மலை ரோடு. உள்ள ஆடாதா?"

"வெளிய மெத்த சுத்திட்டா ஆடாது."

தொட்டில் மெத்தை, போர்வை, அதன்மேல் கயிறு. அமிர்தி தாண்டி ஜீப் மலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"இன்னா சார், கொயந்தைக்கு வாந்தி வர்துங்களா?" என்றார் டிரைவர்.

நான் புன்னகைத்தேன். கனத்தைக் காக்கும் மென்மை பற்றி மனதுக்குள் ஒரு பத்தியே எழுதி முடித்திருந்தேன். அருமையான பத்தி.

கடையில் மச்சான் மூட்டையைப் பிரித்துப் பெட்டியைத் தூக்கினான். கடகடவென்றது.

"மாமா, உள்ள இன்னாமோ உருள்து."

ஒரு கெப்பாசிட்டர் கால் முறிந்து, நீல விளக்கடியில் படுத்திருந்தது. மெத்தைக்கு ஒரு கீறல் இல்லை.

"மெத்தய உள்ள போட்டிருக்கலாம் மாமா."

கோயிலில் பம்பை மேளம் தொடங்கிவிட்டது. முறிந்த காலின் மிச்சத்தில் கம்பி வைத்துப் பற்றவைத்தேன். அவன் பழைய சைக்கிள் ட்யூபை வாராகக் கிழித்து, கெப்பாசிட்டர்களைப் போர்டோடு இறுக்கிக் கட்டினான். டிரான்ஸ்பார்மர் திருகுகளும் இளகியிருந்தன. அடியில் ட்யூப் துண்டு கொடுத்து முறுக்கினோம்.

"வேற எதுனா கட்டணுமான்னு அக்காவுக்குப் போன் போட்டுக் கேக்கட்டா?"

"வேணாம்" என்றேன், அவன் கேட்டு முடிப்பதற்குள்.

செட்டு பாடியது. முதல் பாட்டு முழுக்க வண்டு முரலும் சத்தம். எர்த் ஒயரை மாற்றியதும் அடங்கியது. திருவிழாப் பொறுப்பிலிருந்த ஒருவர் மூடிமேல் குனிந்து, ரப்பர் கட்டுகளை உற்றுப் பார்த்தார். "இன்னாப்பா, ஆஸ்பத்திரிலர்ந்து நேரா வந்துச்சா?"

மச்சான் அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் மரியாதையாகத் தலையாட்டி, தன் வீட்டுக் கல்யாணத்துக்கும் அந்தச் செட்டையே கேட்டுவிட்டுப் போனார். எனக்கு நெஞ்சு விம்மியது. என்னைப் பற்றித்தான் சொல்லியிருப்பான்.

மறுநாள் பஸ் ஏற்றிவிட வந்தான். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, தப்பா நெனச்சிக்காதீங்க. நேத்து அவருகிட்ட கம்பெனி செட்டுன்னு சொல்லிக்கீறேன். யார்னா கேட்டா நீங்களும் அப்பிடியே சொல்லிடுங்க."