மூச்சை அடக்காதீங்க சார்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் டியூட்டி டாக்டராக இருந்தேன். வாய்த்துடுக்கு எனக்கு அப்போதே ஜாஸ்தி.

ஒருநாள் காலையில் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு அம்மாவைத் தூக்கி வந்தார்கள். அரை மயக்கம். மூச்சு மட்டும் மாடிப்படி ஓடி ஏறியவள் மாதிரி ஆழமாக, வேகமாக.

"நேத்துலேர்ந்து இப்டித்தான் மூச்சு வாங்கிகினே கீது டாக்டரம்மா," என்றார் புருஷன், ஃபாக்டரி யூனிஃபார்மோடு. இழுப்பு என்று நினைத்து யாரோ ஊசி போட்டிருந்தார்கள். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவளாம்; பார்த்தால் சர்க்கரை எகிறிக் கிடந்தது.

ரத்தத்தில் அமிலம் எவ்வளவு என்று சொல்லும் மெஷின் எங்களிடம் ஏது? சிட்டிக்குள்தான் போகணும். மணிக்கட்டில் ரத்தம் எடுத்து, சிரிஞ்சை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக் கொடுத்தேன். புருஷனே ஆட்டோவில் பறந்தார். வழியில் பாடி பக்கம் லாரி நெரிசல் வேறு.

போனில் ரிசல்ட் வந்தது. அமிலம் கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. கார்பன் டை ஆக்சைடோ அடிமட்டம்.

"பாவம், களைச்சுப் போறா. தூங்க ஊசி போட்டு வென்டிலேட்டர்ல விட்டுடலாம்," என்றார் பெரிய டாக்டர்.

"ஐயோ, அடக்கிடாதீங்க சார்! மூச்சுக் கோளாறால அமிலம் சேர்ந்திருந்தா கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கணுமே! இன்சுலின் இல்லாம சேர்ந்த அமிலம் இது. மூச்சு விட்டு விட்டு கார்பன் டை ஆக்சைடை வெளியேத்தித்தான் அவ அதை ஈடுகட்டிட்டிருக்கா. அதை நிறுத்தினா ஆள் காலி!"

முறைத்தார். ரிசல்ட்டை வாங்கி இன்னொரு தரம் பார்த்தார். "சரி, இன்சுலினும் சலைனும் ஓடட்டும்."

சாயங்காலம் மூச்சு தணிந்தது. எல்லார் முகத்திலும் சிரிப்பு. எனக்கு மட்டும் பகீரென்றது. அமிலம் குறைந்து தணிந்ததா, உடம்பு ஓய்ந்துபோய்த் தணிந்ததா? மறுபடி ஊசி, மறுபடி பிளாஸ்க், மறுபடி ஆட்டோ. போன் அடித்ததும் பாய்ந்து எடுத்தேன். அமிலம் நன்றாக இறங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் அவள் தெளிந்ததும் சண்டைக்குப் போனேன். "இன்சுலினை ஏம்மா நிறுத்தின?"

"நானா நிறுத்தலீங்க. எங்க லைன்ல பக்கத்து வீட்ல மட்டும்தான் ஃப்ரிட்ஜு. மருந்து அதுலதான் இருக்கும். அவங்க பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. இன்னிக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு பாத்தேன்."

"வீட்டுக்காரர்கிட்ட வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா பூட்டை உடைச்சிருப்பாரு. அடுத்தவங்க வீடாச்சே."

புருஷன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் கோணிக்கொண்டு வந்தது.

"ஒடைச்சிதாண்டி இருப்பேன்," என்று ஓவென்று அழுதார்.