சூடு தெரியாத கால்

சேனாபதி அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் மகள் வீட்டுக்கு வந்தது 1994இல், மனைவி இறந்த மறு வருடம். கோயம்புத்தூர் பஞ்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் கலாவதி ஹூஸ்டனில் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். மருமகன் சிவராமகிருஷ்ணன் எண்ணெய் நிறுவனமொன்றில் இன்ஜினியர். காலையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு காரில் கிளம்பிப் போன பிறகு அந்தத் தெருவில் மனித நடமாட்டமே இருக்காது.

வீட்டுக்குப் பின்னால், தெரு முடிகிற இடத்தில் ஒரு பள்ளி மைதானம் இருந்தது. சிவப்பு ரப்பர் போட்ட ஓடுபாதை. வேலி உண்டு, ஆனால் கதவைப் பூட்டமாட்டார்கள். விடிந்ததும் சேனாபதி அங்கே போய்ச் செருப்பைப் புல்லில் விட்டுவிட்டு வெறுங்காலோடு சுற்றி நடப்பார். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கலாவதி கெஞ்சியும் பார்த்தாள், கோபித்தும் பார்த்தாள். நல்ல ஷூவாக வாங்கியும் கொடுத்தாள்.

"ஷூப் போட்டுப் பழக்கமில்ல கண்ணு" என்பார். அதற்கு மேல் பேச்சை வளர்க்கமாட்டார்.

1996 கோடையில் அட்லாண்டாவில் ஒலிம்பிக் நடந்தது. பகலெல்லாம் அவர் டிவி முன்னால்தான் இருந்தார். ஒரு நாள் மத்தியானம் நீண்ட தூர ஓட்டம் ஒன்றைத் திரும்பக் காட்டினார்கள். லீவில் வீட்டிலிருந்த பேத்தி ஓவியா மாடியில் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். தாத்தா கைதட்டுகிற சத்தம் கேட்டது என்றும், பிறகு வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டது என்றும் பின்னால் சொன்னாள். வாசல் பெட்டியில் தபால் எடுக்கப் போயிருப்பார் என்று நினைத்தாளாம். வெளியே நூறு டிகிரி வெயில்.

சாயங்காலம் கலாவதி வந்தபோது கார்பெட்டில் வாசலிலிருந்து ஹால் வரைக்கும் ஈரமாய், லேசாகச் சிவந்த கால் தடங்கள். அப்பா சோபாவில் படுத்திருந்தார். அவள் மண்டியிட்டு அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு உள்ளங்காலிலும் தோல் கொப்பளித்துக் கிழிந்து தொங்கியது.

"ஐயோ, அப்பா! சுடலீங்களா?"

"ஒண்ணுந் தெரியல கண்ணு. நல்லாத்தான் ஓடுனேன்."

இடது கால் மெல்ல ஆறியது. வலது காலில் விரல்கள் கறுத்தன. விரலை எடுத்தார்கள், அழுகுவது நிற்கவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில், முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் ஆளைக் காப்பாற்றலாம் என்று சர்ஜன் சொன்னார். அதைத் தமிழில் அவரிடம் சொல்லக் கலாவதிக்கு வாய் வரவில்லை. சிவராமகிருஷ்ணன்தான் சொன்னார்.

"மாமா, கால எடுக்கணும்னு சொல்றாங்க."

"எதுவரைக்குங்க மாப்பிள்ளை?"

சிவராமகிருஷ்ணன் குனிந்து தன் காலிலேயே கை வைத்துக் காட்டினார். சேனாபதி தலையாட்டினார்.

சிவராமகிருஷ்ணன் காப்பி குடிக்கப் போனதும் கலாவதி கேட்டுவிட்டாள். "ஏனுங்கப்பா, அந்த வெயில்ல எதுக்குப் போனீங்க?"

சேனாபதி மகளிடம் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னார்.

1938. மில்லில் சேர்ந்த மூன்றாம் வருடம். வடக்கே நடந்த அகில இந்திய அமெச்சூர் போட்டிக்கு மூன்று மைல் ஓட்டத்தில் அவரை அனுப்பினார்கள். மற்றவர்கள் ஆணி வைத்த ஷூவில் ஓட, இவர் வெறுங்காலில் ஓடி இரண்டாவதாக வந்தார். மெடலைக் கழுத்தில் போட்டார்கள். சாயங்காலமே போட்டி நடத்துகிறவர்களின் கூடாரத்துக்குக் கூப்பிட்டார்கள். காங்கயம் மாட்டுச் சந்தையில் ஓடிப் பரிசுப் பணம் வாங்கினாயா என்று ஓர் அதிகாரி கேட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். காசு வாங்கி ஓடியவன் அமெச்சூர் ஆக முடியாது என்பது சட்டம்.

"வாங்குனேனுங்கன்னு சொல்லிட்டேன். மெடலைக் கேட்டாங்க, கழட்டிக் குடுத்துட்டேன். எனக்குப் பின்னால வந்த பையன் வெளியவே நின்னுட்டிருந்தான். அவனுக்குப் போட்டாங்க."

"வாங்கலைன்னு சொல்லியிருக்கலாமுல்லப்பா?"

"வாங்குனேனே கண்ணு. ஓடுனாக் குடுப்பாங்க, வாங்கிக்குவோம். அது தப்புன்னு அன்னிக்குத்தான் தெரியும்."

"அதுக்கப்புறம் ஓடவே இல்லீங்களா?"

"யாரோட ஓடறது? எந்தப் போட்டியிலயும் சேத்திக்க மாட்டாங்க. உங்கம்மாவுக்குத் தெரியும். அவளும் வெளிய சொன்னதில்ல." கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டிவியில ஓடறதப் பார்த்ததும் என்னமோ ஆயிருச்சு. நாலு சுத்துதான் ஓடுனேன்."

கலாவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணம் ஆகும்வரை அவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள். அப்பா தெருவில் வேகமாக நடந்துகூட அவள் பார்த்ததில்லை.

கால் போன பிறகுதான் வலி தொடங்கியது. இல்லாத பாதம் எரிந்தது. பட்டப்பகலில், சாப்பிடும்போது, திடீரென்று வீல்சேரின் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார். "இப்பச் சுடுது கண்ணு, ரொம்பச் சுடுது" என்பார். டாக்டர்கள் கொடுத்த மாத்திரைகள் அவரைத் தூங்க வைத்தன, அவ்வளவுதான்.

மகள் குளிப்பாட்ட அவர் சம்மதிக்கவில்லை. இரண்டு வருடமாக "சாப்பிட்டீங்களா மாமா" என்பதைத் தாண்டி அவரிடம் அதிகம் பேசாத சிவராமகிருஷ்ணன்தான் தினமும் ஆஃபீஸ் போகுமுன் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டினார்.

"உங்களுக்கெதுக்குங்க மாப்பிள்ளை இந்தச் சிரமம்."

"பரவால்ல மாமா. கைய என் தோள்மேல போடுங்க."

1998 ஜனவரியில் இடது குதிகாலில் புண் வந்தது. இந்தத் தடவை ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரிடம் அவரே கையை ஆட்டிச் சொல்லிவிட்டார். கலாவதி மன்றாடினாள். ஓவியா பக்கத்தில் உட்கார்ந்து, "ப்ளீஸ், தாத்தா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை. பிப்ரவரியில் காய்ச்சல் கண்டு, நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

தகன அறையில் பட்டனை மகன் அழுத்துவது வழக்கம் என்றார் வந்திருந்த சாஸ்திரிகள். மகன் இல்லையென்றால் மருமகன் அழுத்தலாம். சிவராமகிருஷ்ணன் விலகி நின்றார்.

"நீயே அழுத்து கலா. உங்கப்பா."

அவள் அழுத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரும்புக் கதவு மெதுவாக இறங்கியது. ஓவியா அம்மாவின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். சவப்பெட்டியோடு வந்திருந்த ஆள், சாம்பலை வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.