குரைத்த மான்

சால்தனாத் ஓஷ் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். காரா-அல்மா என்ற மலைக்கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து தலை நரைக்கத் தொடங்கியும், அக்ரூட் காட்டுக்குள் தனியாகக் கால் வைத்ததில்லை.

அவள் புருஷன் கல்முர்சா நேர்மாறு. இலையுதிர்காலத்தில் காய் உலுக்கி முடித்து ஊரார் காட்டைவிட்டு இறங்கியதும், மிச்சம் மீதியைத் தின்ன என்னென்ன வருகிறது என்று பார்க்கக் கிளம்பிவிடுவான். வந்து கதை கதையாகச் சொல்வான். அவள் அரைக்காதில் கேட்டபடி ரொட்டி சுடுவாள்.

போன வருடம் உலுக்கும்போது கிளையிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இந்த வருடம் காய் விழும் சத்தம் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான்; வைத்த சூப் வைத்தபடி ஆறும். ஆள் இப்படியே போய்விடுவானோ என்று அவள் பயந்தாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டில் தேநீர் குடித்துவிட்டு வந்து, காட்டுக்குப் போனதாக அளந்தாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டும் என்பார்கள். அவளுக்கு அது கைவரவில்லை.

"என்னங்க, மேல புல்வெளி வரைக்கும் போனேன். மர்மோட் அணில் ஒண்ணு பொந்து வாசல்ல உக்காந்து வெயில் காயுது."

அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பதறினாள். திரும்பினான், சிரித்துக்கொண்டிருந்தான்.

"அடிப்பாவி! அது பொந்தை அடைச்சுக்கிட்டுத் தூங்கப் போயி எத்தனை நாளாச்சு! உன் அழகைப் பாக்கவா எந்திரிச்சு வந்துச்சு?"

"வந்தா என்ன? அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

அன்று கிண்ணம் காலியாகத் திரும்பியது. ஆனால் இந்தப் பொய் இன்னொரு முறை செல்லாது. மறுநாள் அவனுடைய கோட்டை மாட்டிக்கொண்டு, அல்லாவைக் கூப்பிட்டபடி நிஜமாகவே போனாள். புதருக்குள் நாய் குரைத்தது. கல்லை எடுத்து ஓங்கினாள். வெளியே வந்து நின்று மறுபடி குரைத்துவிட்டுத் துள்ளி ஓடியது நாயல்ல, மான். விழுந்தடித்து வீட்டுக்கு ஓடிவந்தவள் வாசலில் தயங்கினாள். நேற்றைய பொய்யையாவது நம்பலாம். இதை யார் நம்புவார்கள்?

"சிரிக்கக் கூடாது நீங்க. ஒரு மான் என்னைப் பாத்துக் குரைச்சுதுங்க. நாய் மாதிரி. சத்தியமா."

அவன் சிரிக்கவில்லை.

"குரைக்கிற மானும் இருக்கு. அது ஓடும்போது பின்பக்கம் வெள்ளையாத் தெரிஞ்சுதா?"

"ஆமா! மாவை அப்பின மாதிரி."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பயந்தாங்கொள்ளி நீ. தனியாவா போனே?"

கைகளை ஊன்றி எழ முயன்றான்.

"என் படுக்கையை ஜன்னலோரம் இழுத்துப் போடு. நாளைக்கு நீ காட்டுக்குள்ள போறதையும் திரும்பி வர்றதையும் நான் பாக்கணும்."