சிவப்பு நம்பருக்கு வைத்த குங்குமம்

கிண்டியை விட்டு மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று வந்து, தாம்பரத்தையும் தாண்டி, செங்கல்பட்டு, திருச்சி என்று போய்க்கொண்டே இருக்கிற ரோடு அது. ஜி.எஸ்.டி. ரோடு. மாட்டுவண்டிக்குப் போதுமாக இருந்தது லாரிக்குப் போதவில்லை என்று அறுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் அகலப்படுத்த வந்தார்கள். கிழக்கே ரயில் தண்டவாளம். அதை யார் நகர்த்துவது? நகர்த்த முடிந்ததெல்லாம் மேற்கே இருந்தவர்களைத்தான்.

எங்கள் வீட்டுக்கு ஆபத்தில்லை, அது இரண்டாவது வரிசை. முன்னால் ரோட்டை ஒட்டி மூன்று கடைகள்: சைக்கிள் கடை, இஸ்திரிக் கடை, ஓட்டுக்கூரை போட்ட இட்லிக் கடை. இட்லிக் கடை அக்காவுக்குக் கடையும் அதுதான், வீடும் அதுதான். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை கிடையாது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து, எதையாவது சாப்பிட்டபடி பெண்ணைப் பற்றி விசாரிப்பார்கள். என்னைப் பற்றி விசாரிக்க ஒரு மாப்பிள்ளை வீட்டார் இட்லிக் கடைக்கு வந்தார்கள். அக்கா நாலு இட்லியும் சட்னியும் வைத்து, "நல்ல பொண்ணுதான் சார், வாய்தான் காது வரிக்கும் கீது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவர்கள் எங்கள் வாசற்படிகூட ஏறவில்லை. சைக்கிள் கடைக்காரர் வந்து ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்த அம்மா, அந்த ஞாயிற்றுக்கிழமை படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

நாலைந்து மாதம் கழித்து ரோட்டு ஆபீஸ்காரர்கள் மூன்று கடைச் சுவர்களிலும் சிவப்பு பெயின்டில் நம்பர் போட்டு, ஆளுக்கொரு காகிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி என்னிடம் வந்தாள்.

"எல்லாம் இங்கிலீஷா கீதும்மா. இன்னான்னு படிச்சிச் சொல்லு."

படித்தேன். கடையை இடிக்கப் போகிறார்கள், மாற்று இடம் வேண்டுமானால் முப்பது நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அதில் இருந்தது.

"லைட் கனெக்‌ஷன் குடுக்கறாங்கக்கா. அதுக்குத்தான் நம்பர். அழிச்சுடாதீங்க."

அவள் மாவுக்கையால் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "ராஜாவாட்டம் மாப்ள வருவான் பாரு உனக்கு!" வந்தவனை விரட்டிவிட்டு வாழ்த்து வேறா என்று நினைத்தேன். நாளைக்காவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது நம்பரை மட்டும் விட்டுவிட்டு அடித்தாள். சுற்றிலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். பல்பு எங்கே தொங்கவேண்டும் என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். சைக்கிள்காரரும் இஸ்திரிக்காரரும் சத்தமில்லாமல் மனு கொடுத்து, படப்பை ரோட்டுப் பக்கம் இடம் வாங்கிக்கொண்டார்கள். அவர்களும் வாயைத் திறக்கவில்லை. ஒரு ஆள் குறைந்தால் நல்லது என்ற எண்ணம். அவள் குங்குமம் வைக்கும்போதெல்லாம் மூன்று பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தோம்.

கடப்பாரையோடு ஆட்கள் வந்த காலையில், லைட் போட வந்தவர்கள் என்று நினைத்து அவர்களுக்குச் சுடச்சுட இட்லி வைத்தாள். காசு வேண்டாம் என்றாள். சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், கூரைமேல் ஏறி ஓட்டைப் பிரித்தார்கள்.

எங்கள் வாசலுக்கு ஓடி வந்தாள். "இன்னாம்மா இது? லைட்டுன்னுதானே நீ சொன்னே?"

"எனக்கு அவ்வளவா இங்கிலீஷ் வராதுக்கா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம், பாவி. மத்தியானத்துக்குள் கடை தரைமட்டம். மனு கொடுக்காததால் மாற்று இடமும் இல்லை. இட்லிக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு பல்லாவரம் பக்கமாக நடந்தாள். எங்கே போகிறாய் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ரோடு அகலமானதும் எங்கள் வீடு மெயின் ரோட்டு வீடாகிவிட்டது. அப்பா புதுக் கேட் போட்டார். மெயின் ரோட்டு வீடு என்றதும் அதே மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் வந்தார்கள். விசாரிக்க அக்கம்பக்கத்தில் கடை எதுவும் இல்லாததால் நேராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். என் வாயைப் பற்றி இன்னொரு தடவை சொல்ல அங்கே ஆள் இல்லை. அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது.