முஞ்சாரு வார்த்த கட்டம்

ரம்லாத்து அக்காவிடம் யாரும் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பதில்லை. எங்கள் ஊர் ஃபும்பானில் பித்தளை வார்ப்பவர்கள் தெருமுனையில் இருபது வருடமாகத் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறார். பக்கத்துத் தையல் கடை என்னுடையது. அவர் வாடிக்கையாளர்களைத் திட்டுவதில் பாதி என் காதில்தான் விழும்.

அவருடைய மறைந்த அப்பா தன் பெயரை ஒரு பழைய எழுத்தில் தொடங்குவார். எங்கள் பழைய மன்னர் ஒருவர் தானே உருவாக்கிய எழுத்துகளைத் திருத்தித் திருத்திக் குறைத்தபோது கழித்துவிட்ட எழுத்து அது. அதற்கும் ஓர் எண் கொடுத்துக் கணினி எழுத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்த நாளில்தான் அக்கா எனக்கு முதல்முறையாகத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அது அவர் கணினித் திரையில் ஒழுங்காகத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் வசவு கேட்டவன் நான்.

ங்குவோன் விழாவுக்கு ஊர் கூடும்போது அப்பாவின் பித்தளைப் பெயர்ப் பலகை, அந்த எழுத்தோடு வாசலில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"கையால எழுதினா கோணிக்கும். மெஷின்ல இருக்கிற மாதிரியே வேணும்" என்று பெயரைத் தட்டி, வார்ப்பு வேலை செய்யும் முஞ்சாருவின் கைப்பேசிக்கு அனுப்பினார்.

விழாவுக்கு முந்தின நாள் பலகை வந்தது. முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம்.

"என்னடா இது?"

"நீங்க அனுப்பினதுதான்க்கா" என்று கைப்பேசியைக் காட்டினான். அதிலும் கட்டம்.

"அது எழுத்தே இல்லடா! உன் ஃபோனுக்கு எழுத்து தெரியலன்னா இப்படித்தான் காட்டும்!"

"பழைய எழுத்துன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுல மீன் மாதிரி இருக்கு, வீடு மாதிரி இருக்கு. கட்டம் மட்டும் இருக்கக் கூடாதா? நாலு மூலையும் எவ்ளோ சுத்தமா வந்திருக்கு பாருங்க!"

போகிற வழியில் நின்ற ஒரு பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எங்கப்பாகூட இந்த எழுத்தைப் போடுவாரும்மா" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

மறுபடி வார்க்க நேரமில்லை, மண் அச்சு காயவே நாளாகும். அக்கா வீட்டுக்குப் போய் அப்பா கையெழுத்திட்ட தாளை எடுத்துவந்தார். கறுப்புச் சாயம் தொட்டுக் கட்டத்துக்குள் வரைந்தார். எழுத்தின் ஒரு கால் சாய்ந்துவிட்டது. தாளோடு ஒப்பிட்டார். அப்பா கையெழுத்திலும் அந்தக் கால் அப்படியே சாய்ந்திருந்தது. அக்கா அழுததை அன்றுதான் பார்த்தேன்.

முஞ்சாருவுக்கு மட்டும் ஆறவில்லை.

"இதை முதல்லயே ஒரு தாள்ல வரைஞ்சு கொடுத்திருந்தா அப்படியே வார்த்திருப்பேனேக்கா!"

யாருக்கும் பதில் பாக்கி வைக்காத அக்கா அப்பாவின் தாளை மடிக்கத் தொடங்கினார். நான் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டு தையல் மெஷினை வேகமாக மிதித்தேன்.